9,000 ரூபாய்க்குள் சைக்கிள், புதிதா பழையதா: வேளச்சேரி–தரமணி பயணத்துக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

சைக்கிள் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். கடையில் புதிது 8,500 ரூபாய், பழையது வைத்திருப்பவர் கேட்பது 5,500, அப்படியானால் 3,000 ரூபாய் லாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு எண்ணும் சைக்கிளின் உண்மையான விலை அல்ல. மறுநாள் காலை வேலைக்கு ஏறிப் போகும் நிலைக்குச் சைக்கிளைக் கொண்டுவர மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதே ஒப்பிட வேண்டிய விலை. கேட்ட விலைக்கும் இந்த விலைக்கும் இடையில் பழைய சைக்கிளில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்கூட ஒளிந்திருக்கும். புதியதிலும் ஆயிரத்துக்கு மேல் ஒளிந்திருக்கும்.

கீழே வருவது ஒரு மாதிரி நிலைமை. பணிமனைகளில் திரும்பத் திரும்பக் காணும் பழுதுகளை ஒரே ஆள், ஒரே வழித்தடம், ஒரே பட்ஜெட்டில் பொருத்திக் கணக்குப் போட்டிருக்கிறோம். உதிரிபாக விலையும் கூலியும் கடைக்குக் கடை மாறும். எண்களை உங்கள் தெரு மெக்கானிக் சொல்லும் எண்களாக மாற்றிக்கொண்டு, கணக்குப் போடும் முறையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு, எந்த வழிக்கு

வாங்குபவர் வேளச்சேரி விஜயநகர் பக்கம் அறை எடுத்துத் தங்கி, தரமணியில் வேலை பார்ப்பவர். ஒரு வழி 5 கி.மீ., நாளைக்கு 10. மாதம் 26 வேலை நாள் என்றால் 260 கி.மீ., வருடத்துக்கு ஏறத்தாழ 3,000. உயரம் 168 செ.மீ. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று அளந்தால் காலின் உள்ளளவு 76 செ.மீ. மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா சேர்த்துப் பை 5 கிலோ. இரவில் சைக்கிள் நிற்பது வீட்டுக் கீழ்த்தளத்தில், பகலில் கூரையில்லாத இடத்தில். கையில் இருப்பது 9,000 ரூபாய். பூட்டு, விளக்கு, பம்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த வழித்தடத்தில் மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பாலத்துக்கும் கீழ்ச்சாலை உண்டு. காற்றும் சாதகம்தான். தரமணி வேளச்சேரிக்குக் கிழக்கே இருக்கிறது. வெயில் காலத்தில் நண்பகல் தாண்டிக் கிளம்பும் கடற்காற்று மாலையில் வீடு திரும்புகிறவரின் முதுகைத் தள்ளும். ஜூன், ஜூலையில் காலை வேளையில் வீசும் மேல்காற்று வேலைக்குப் போகும் திசையில் தள்ளும். எனவே கியருக்கு இங்கே பெரிய வேலை இல்லை. செயின்வீலில் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) 44 பல், ஃபிரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) 18 பல் உள்ள கியரில்லாத சைக்கிள் 26 × 1⅜ டயரோடு பெடலை ஒரு சுற்று சுற்றினால் 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற நிதானமான மிதியிலேயே மணிக்கு 18 கி.மீ. வருகிறது. சிக்னல்களோடு சேர்த்து 25 நிமிடத்தில் அலுவலகம்.

சிரமம் தருவது மழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரியில் தண்ணீர் நிற்பதை 2015 டிசம்பரும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் எல்லோருக்கும் காட்டிவிட்டன. ஈரத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், மட்கார்டு வேண்டும், பேரிங்குகளைத் திறந்து கிரீஸ் போடச் சுலபமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கியர் எண்ணிக்கையைவிட முக்கியம்.

கைக்கு எட்டியவை

முதலாவது, புதிய 21 கியர் சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், முன்னால் ஷாக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், பட்டன் டயர். விலை 8,500. பார்த்தவுடன் மனம் இதில்தான் போய் விழும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த விலையில் ஷாக், டிஸ்க், மூன்று செயின்வீல், ஏழு பல்சக்கர ஃபிரீவீல் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் மிக மலிவான தரத்தில்தான் இருக்க முடியும். ஷாக்குக்குள் இருப்பது வெறும் ஸ்பிரிங். வேகத்தடையில் இறங்கினால் துள்ளும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதன் தண்டுகளில் துரு பிடித்ததும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். கம்பியால் இழுக்கும் மலிவு டிஸ்க்கில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகர்வதால் தட்டு ஒருபுறம் வளைந்து உரசும். வாரம் ஒருமுறை திருகி நேர்செய்ய வேண்டும். பட்டன் டயர் மண் பாதைக்கு ஆனது, தார்ச்சாலையில் சத்தமும் இழுவையும்தான் மிச்சம். இவ்வளவுக்கும் மட்கார்டு, கேரியர், சில மாடல்களில் ஸ்டாண்டுகூட இருக்காது. அவற்றுக்கு 900 ரூபாய், பூட்டு 500, விளக்கு 400, பம்பு 300 சேர்த்தால் 10,600. பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. தாண்டாவிட்டாலும் இந்தப் பயணத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது, புதிய கியரில்லாத நகரச் சைக்கிள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் கடையிலேயே பூட்டித் தருவார்கள். விலை 7,200. பூட்டு, விளக்கு, பம்பு 1,200 சேர்த்தால் 8,400. கையில் 600 மிச்சம்.

மூன்றாவது, ஆதம்பாக்கம் அடுக்ககம் ஒன்றில் நிற்கும் பழைய ஹைபிரிட் (சாலைக்கும் லேசான மண் பாதைக்கும் ஆன நடுவகைச் சைக்கிள்). 700சி சக்கரம், ஷாக் இல்லாத நேர் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), அலாய் ரிம், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், பின்னால் ஏழு பல்சக்கரம், மட்கார்டும் கேரியரும் ஏற்கெனவே பூட்டியது. 2020 ஊரடங்கின்போது வாங்கி, ஒரு வருடம் ஓட்டி, பிறகு நிறுத்திவிட்டது. கேட்கும் விலை 5,500.

ஊரடங்கில் உடற்பயிற்சிக்கென்று வாங்கி, பிறகு கீழ்த்தளத்தில் தூசி படிய நிற்கும் சைக்கிள்கள் சென்னையில் நிறைய. பட்ஜெட்காரருக்கு இவை நல்ல வேட்டை. ஓடிய தூரம் குறைவாக இருப்பதால் பல்சக்கரம், ரிம், பிரேக் எல்லாவற்றிலும் தேய்மானம் குறைவு. செத்திருப்பது ரப்பரும் கிரீஸும்தான். தினமும் ஓடித் தேய்ந்த சைக்கிள் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் அதன் செலவு இதைவிட அதிகம்.

28 × 1½ டயர் போட்ட, ராடு பிரேக் உள்ள பழைய கறுப்புச் சைக்கிள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ காயலான் கடையிலோ மலிவாகக் கிடைக்கும். மூட்டை ஏற்ற அதற்கு நிகர் இல்லை, ஆனால் ஸ்டீல் ரிம்மும் ராடு பிரேக்கும் மழையில் இந்தச் சாலைக்குப் போதாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி அரசு முத்திரையோடு விற்பனைக்கு வந்தால் அதைத் தொட வேண்டாம். அது ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதற்காகக் கொடுக்கப்பட்ட வண்டி.

பழையதைச் சோதிக்கும் அரை மணி நேரம்

பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். கையில் அளவுகோல், 15 நம்பர் ஸ்பேனர், 5 மற்றும் 6 மி.மீ. எல் கீ, ஒரு சிறு காந்தம், பழைய துணி, கைப்பம்பு. வேண்டாம் என்று சொல்ல வைக்கும் குறைகளை முதலில் பார்த்துவிட வேண்டும். டயரைப் பார்த்து ஐந்து நிமிடம் பேரம் பேசிவிட்டுப் பிறகு ஃபிரேம் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் நேர விரயம்.

அளவு. ஃபிரேமின் மேல் குழாயைக் கால்களுக்கு நடுவே வைத்து நின்றால் 2 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். உள்ளளவு 76 என்றால் மேல் குழாய் தரையிலிருந்து 71–74 செ.மீ. உயரம் வரை போகலாம். உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால் சீட் உயரம் வரும். பெடல் அச்சின் (இரு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இவருக்கு 67 செ.மீ. அந்த உயரத்துக்கு சீட் தண்டைத் தூக்கும்போது அதில் கீறியிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஃபிரேம் சிறியது. அளவு பொருந்தாத சைக்கிளை எந்தப் பழுதுபார்ப்பும் சரிசெய்யாது. முழங்கால் வலி வந்து மூன்றாம் மாதம் அதுவும் கீழ்த்தளத்தில் நிற்கும்.

ஃபிரேம் எண். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால் பெடல் அச்சுக் குழாயின் அடியில் எண் அடித்திருக்கும். ரசீதில் எண் இருந்தால் ஒத்துப்பார்க்க வேண்டும். எண்ணை அரம் போட்டு அழித்திருந்தாலோ, மேலே புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தாலோ அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

திருப்பிய நிலையிலேயே சீட் தண்டை உருவிப் பாருங்கள். குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீரோ மண்ணோ கொட்டினால் சைக்கிள் வெள்ளத்தில் நின்றது. பெடல் அச்சு, இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) நான்கும் திறந்து பார்க்காமல் விலை சொல்ல முடியாத நிலை அது. தண்டு அசையவே இல்லை என்றால் இன்னும் மோசம். அலுமினியத் தண்டு ஸ்டீல் குழாயில் உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் போலக் கடற்கரை ஓரம் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி வரும். போக்ஸ் கம்பிகளின் நிப்பிளும் அங்கே வெள்ளையாகப் பொரிந்திருக்கும்.

அடுத்தது மோதல் அடையாளம். ஹெட் குழாய்க்குப் பின்னால், மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலும் அடிப்பக்கமாக விரலால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படலாம், பெயின்ட் வரி வரியாக வெடித்திருக்கலாம். முன்சக்கரம் எதிலோ முட்டி ஃபிரேம் மடங்கியதன் அடையாளம் அது. மேலே ஸ்டிக்கர் புதிதாக ஒட்டியிருந்தால் அதன் அடியிலும் தடவ வேண்டும். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் ஓரம் முடி போன்ற கோடு இருந்தால் விரிசல். நல்ல சைக்கிளாகத் தெரிந்து, விலையும் குறைவாகக் கிடைத்து, இந்த ஒரு மேட்டால் வேண்டாம் என்று விட வேண்டிய வண்டியும் சில வேளை வரும். பாதி விலைக்கும் வாங்கக் கூடாது.

ஆதம்பாக்கத்து வண்டி இதுவரை தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டால், இனிப் பார்ப்பவை எல்லாம் பணத்தால் தீரும் குறைகள். ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிக்கொண்டே போக வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 2 மி.மீ. வரை பெண்டு என்றால் கம்பி இறுக்கி எடுத்துவிடலாம். 5 மி.மீ. தாண்டினால், அதுவும் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று வந்தால், ரிம் நசுங்கியிருக்கிறது. கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கினால் எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள்தான் அதிகம் அறும். அலாய் ரிம்மின் பக்கச் சுவரில் விரல் நகத்தை ஓட்டினால் குழிவு தெரிந்தால் பிரேக் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

பின்சக்கர ஆக்சில். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஃபிரீவீலை ஹப்பின் மேல் திருகி மாட்டும் சைக்கிள்களில் வலப்பக்க பேரிங் ஃபிரேமின் பிடியிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும். நடுவில் தாங்கல் இல்லாத அந்த 10 மி.மீ. ஆக்சில் கம்பி, வேகத்தடையில் உட்கார்ந்தபடியே இறங்கினால் மெல்ல வளையும். வளைந்த ஆக்சில் ஹப்பின் கோனையும் (பால்ஸ் உருளும் கூம்பு நட்) பால்ஸையும் சேர்த்துத் தின்னும். பின்சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை இரு விரலால் சுற்றினால் அதன் நுனி நேராக நிற்காமல் சிறு வட்டம் போடும். ஒரு சுற்றில் பாதி இறுகி, பாதி தளர்ந்து சுற்றும். சக்கரத்தைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் ஆக்சில் போய்விட்டதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். இந்த வண்டியில் நுனி வட்டம் போடுகிறது. புது ஆக்சில், இரண்டு கோன், ஒரு பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ் 18: மொத்தம் 250 ரூபாய்.

செயின். ஒரு பின்னின் நடுவில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்தால், 12 முழுக் கண்ணிக்குப் பிறகு வரும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளினால் செயின் அரை சதவீதம் நீண்டிருக்கிறது, மாற்றும் நேரம் நெருங்குகிறது. எட்டில் ஒரு பங்கு தள்ளினால் செயினோடு ஃபிரீவீலும் போய்விட்டது. நீண்ட செயின் பல்லின் அடிவரை உட்காராமல் மேலே ஏறி, பல்லைச் சுறாவின் முதுகுத் துடுப்பு போலத் தேய்க்கும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால், எழுந்து மிதிக்கும்போது நழுவி முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும். இந்த வண்டியில் பதினாறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் துரு ஏறிச் சில கண்ணிகள் மடங்கவில்லை. எனவே செயின் மாற்ற வேண்டும், 350. ஃபிரீவீல் பெரும்பாலும் தப்பும், உறுதி இல்லை. அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும்.

பெடல் அச்சைச் சோதிக்க, கிராங்கை (பெடல் கையை) இரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் உள்ளே பேரிங் தளர்வு. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் பிடி தளர்வு. காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) போட்ட வண்டியில் பின்னை மாற்றினால் சரியாகிவிடும், சதுர ஓட்டை கிராங்கில் ஓட்டை தேய்ந்திருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டும். ஹெட்செட்டுக்கு முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கப்பில் குழி விழுந்திருக்கிறது.

டயர். இந்த வண்டியில் இரண்டும் பக்கச்சுவர் வெடித்தவை. காற்றில்லாமல் வருடக்கணக்கில் நின்றால் ரிம்மின் எடையில் மடிந்த இடத்தில் ரப்பர் பிளக்கும். காற்று அடித்தால் நிற்கும், ஆனால் வெயிலில் நிற்கும்போதோ குழியில் இறங்கும்போதோ வெடிக்கும். அளவை டயரின் பக்கத்தில் படிக்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. 26 அங்குலம் என்று கேட்டு வாங்கிப் பொருந்தாமல் திரும்பி வருவது தினமும் நடக்கும் தவறு. 26 × 1.95 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ., 26 × 1⅜ உட்காரும் ரிம் 590. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ ரிம் 635, 700சி ரிம் 622. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றில் இன்னொன்று ஏறாது. டியூபின் வால்வும் கவனம். வால்டியூப் போட்ட பழைய வகையும் மோட்டார் வண்டி வகையும் எந்தப் பங்சர் கடையிலும் காற்று வாங்கும். மெல்லிய பித்தளைத் தலை உள்ள வகைக்கு அடாப்டர் இல்லாமல் முடியாது.

கடைசியாக ஓட்டம். இருநூறு மீட்டர் போதும். எல்லாக் கியரும் மாறுகிறதா, இரண்டு பிரேக்கும் தனித்தனியாக நிறுத்துகிறதா, பிடியைத் தளர்த்தினால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்தால் ஃபோர்க் வளைந்திருக்கலாம். முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, ஹெட் குழாயும் ஃபோர்க் கால்களும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னோக்கிப் போடும் கணக்கு

இந்த வண்டிக்கு எழுதிய பட்டியல்: டயர் இரண்டு 1,100, டியூப் இரண்டு 360, செயின் 350, பிரேக் கட்டை இரண்டு ஜோடி 240, பிரேக் மற்றும் கியர் வயர்கள் உறையோடு 300, ஆக்சில் 250, ஓவராயில் (எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டுப் பூட்டுவது) செய்து பெண்டு எடுக்கக் கூலி 550. மொத்தம் 3,150.

பேரம் பேசுகிறவர்கள் பொதுவாக 5,500-இலிருந்து கீழே இறங்குவார்கள். அது விற்பவரின் எண், அதிலிருந்து தொடங்கினால் ஐந்நூறு குறைந்ததே வெற்றி போலத் தெரியும். தன் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கையில் 9,000. பூட்டு, விளக்கு, பம்பு 1,200 போனால் 7,800. பழுதுக்கு 3,150 போனால் 4,650. ஃபிரீவீல் நழுவினால் அதற்கும் கூலிக்கும் 650 ஒதுக்கினால் 4,000. இதுதான் உச்ச விலை. வீட்டிலேயே இதை எழுதி வைத்துக்கொண்டு போனால், அங்கே பேச்சுவாக்கில் ஏறிவிடாது.

பேசும்போது குறையை வண்டியின் மேல் சொல்ல வேண்டும், ஆளின் மேல் அல்ல. “அண்ணா, வண்டி நல்லா வெச்சிருக்கீங்க. டயர் ரெண்டும் வெடிச்சிருக்கு, பின்னாடி ஆக்சில் பெண்டு, செயின் மாத்தணும். மெக்கானிக் கிட்ட மூவாயிரத்துக்கு மேல ஆகும். நாலாயிரம்னா இப்பவே எடுத்துக்கறேன்.” பட்டியலைக் காட்டினால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனெனில் அவர்களுக்கும் அந்த இடம் காலியாக வேண்டும். “நான் வாங்கும்போது பதினஞ்சாயிரம் தம்பி” என்ற பதிலுக்கும் கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 12 சதவீத வரியோடு 15,000 கொடுத்த வண்டியின் அடிப்படை விலை 13,393. அதே அடிப்படை விலைக்கு 5 சதவீதம் சேர்த்தால் 14,063. பழைய ரசீதை வைத்துப் பேசுவதென்றால் இந்தக் குறைவையும் கழிக்க வேண்டும்.

எது, ஏன்

4,000-க்கு வந்தால் பழையது, 4,500-க்கு மேல் என்றால் புதிய கியரில்லாத சைக்கிள். இடைப்பட்ட ஐந்நூறு, விற்பவர் தன் பம்பையும் பூட்டையும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

செலவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமம். பழையது 4,000-இல் தொடங்கி 8,350, புதியது 8,400. சமமாக இருக்கும்போது எங்கள் தேர்வு பழையது. முதல் காரணம் பிரேக். இந்த விலையில் வரும் பல நகரச் சைக்கிள்களில் ரிம் குரோம் பூசிய ஸ்டீல். காந்தம் ஒட்டினால் தெரிந்துவிடும். ஸ்டீல் ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கி, வண்டி நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். நவம்பரில் தரமணி இணைப்புச் சாலையில் முன்னால் போகும் ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம் கட்டும் இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அலாய் ரிம்மில் ஈரத்திலும் பிடி இருக்கும். இரண்டாவது காரணம் குறைந்த எடை. மூன்றாவது, பழுதுக்குப் பிறகு ஃபிரீவீல் தவிரத் தேய்பாகங்கள் பெரும்பாலும் புதிதாக இருப்பது.

ஆனால் இந்தத் தேர்வு இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. சக்கரம் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும், ஓவராயில் செய்யும் மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவருக்குப் புதியதே சரி, அதில் தயக்கம் தேவையில்லை. உத்தரவாதமும் முதல் சர்வீஸும் அவர்களுக்காகத்தான். புதியதிலேயே அலாய் ரிம் மாடல் நானூறு, ஐந்நூறு அதிகத்தில் கிடைத்தால் மிச்சம் இருக்கும் 600-ஐ அதில் போடலாம். அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பாரிமுனை ரத்தன் பஜாரில் அடுத்தடுத்துக் கடைகள் இருப்பதால் ஒரே நடையில் நான்கு விலை கேட்டுவிட முடியும். சைக்கிள் தயாரிப்பும் சென்னைக்குப் புதிதல்ல, டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கியது 1949-இல். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. உதிரிபாகம் தெருமுனைக் கடையிலும் கிடைப்பதற்கு அந்த வரலாறும் காரணம். பெயர் தெரியாத பிராண்டின் டிஸ்க் பேட் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பணம் கைமாறும்போது

பழைய சைக்கிளுக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது என்பதால் எழுத்து ஒன்று வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் பிராண்ட், நிறம், ஃபிரேம் எண், தொகை, தேதி, இருவர் பெயர், தொலைபேசி எண், விற்பவரின் கையொப்பம். மூல ரசீது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடையாள அட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால் அதுவே இன்னொரு பதிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். தெருவோரத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் புதுச் சைக்கிள் என்றால், அந்த விலையே நம்பக் காரணம்தான்.

முதல் மாதம்

புதியதை எடுத்தவர் கடையை விட்டுக் கிளம்பும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அவசரமாகப் பூட்டும்போது ஹப் கோன் அளவுக்கு மீறி இறுகியே இருக்கும், கம்பிகள் தளர்ந்திருக்கும். பெட்டியில் வந்ததை வீட்டில் பூட்டினால் இரண்டு தவறுகள் வழக்கமானவை. ஒன்று, ஃபோர்க்கைப் பின்முன்னாக மாட்டுவது. வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். இன்னொன்று, இடப் பெடலை வலமாகத் திருகுவது. இடப் பெடலின் மரை எதிர்த்திசை, கட்டாயப்படுத்தினால் கிராங்கின் மரை போய்விடும். முதல் 50 கி.மீ.க்குப் பிறகு இரண்டு கிராங்க் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். குறிப்பாக இடப்பக்கம் தளரும். தளர்ந்தபடி ஒரு வாரம் ஓட்டினால் சதுர ஓட்டை உருண்டையாகி, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

பழையதை எடுத்தவர் ஓவராயில் முடிந்து ஓட்டத் தொடங்கிய முதல் வாரம் ஃபிரீவீலைக் கவனிக்க வேண்டும். நழுவினால் ஒதுக்கி வைத்த 650 அதற்கு. நழுவாவிட்டால் அந்தப் பணம் ஜனவரியில் மழை முடிந்ததும் செய்ய வேண்டிய அடுத்த கிரீஸுக்கு. பெண்டு எடுத்த சக்கரத்தில் கம்பிகள் 100 கி.மீ.யில் கொஞ்சம் உட்காரும், இன்னொரு முறை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

செயினுக்கு 150 முதல் 200 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய், மழையில் நனைந்தால் மறுநாளே. தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசினாகும், பழைய இன்ஜின் ஆயில் ரோட்டுப் புழுதியை வாரிப் பூசிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயைவிடச் சற்றுக் கெட்டியான எந்த எண்ணெயும் போதும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் ஃபிரீவீலின் உள்ளே இருக்கும் எண்ணெயும் போய்விடும், காயவைத்துப் பின்பக்கமாக நாலு சொட்டு விடாமல் ஓட்டக் கூடாது. ஹப் மூழ்கும் அளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தால், எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் ஒரு வாரத்துக்குள் ஹப்பைத் திறந்து, பழுப்பான கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். பின் ஹப்புக்குப் பால்ஸ் 18, முன்னால் பெரும்பாலும் சிறிய அளவில் பக்கத்துக்குப் பத்து. கழற்றும் முன் எண்ணிக்கொண்டால் பூட்டும்போது ஒன்று குறையாது.